எங்கே வலிக்குது, எப்போதிலிருந்து?

போன வாரம் சாப்பாட்டு மேசையில் சிட்டு வாயை விட்டாளே, அதன் சூடு இந்த வாரமும் தணியவில்லை.

"உன்கிட்ட கத்துக்கிட்ட மொழியில ஆஸ்பத்திரி வாடை அடிக்குதுக்கா. இதைப் பேசிக்கிட்டுப் போனா எவன் எனக்கு வேலை கொடுப்பான்?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். நாலு வார்த்தை திருப்பித் திட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம். சிட்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். மேல்படிப்புக்காக இந்த வெளிநாட்டு ஊருக்கு வந்தவள். கம்ப்யூட்டர் படிப்பு நல்லபடியாக முடிந்துவிட்டது, வேலை தேடுவதுதான் முடிந்தபாடில்லை. எழுதிப் போட்ட இடமெல்லாம் ஒரே பதில்: படிப்பு சரி, ஊர் மொழி போதாது. தங்கும் அனுமதி இந்த மாதக் கடைசியோடு சரி. அதற்குள் வேலை கிடைக்கவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அவள் தங்கியிருப்பது அக்கா வீட்டில். கூடத்து சோபாதான் படுக்கை. அக்கா முதியோர் இல்லத்தில் நர்ஸ். அத்தான் லிஃப்ட் மெக்கானிக்.

அக்கா இந்த ஊர் மொழியை எந்த வகுப்புக்கும் போய்க் கற்கவில்லை. இல்லத்துப் பெரியவர்களிடம் காதால் கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள். அதை அப்படியே தங்கைக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஆகவே சிட்டுவுக்குச் சரளமாக வந்ததெல்லாம் 'மெதுவா எழுந்திரிங்க', 'இன்னும் ஒரு வாய் குடிங்க, என் தங்கம் இல்லே?' என்கிற வகைதான். மாலை வகுப்பு ஆசிரியை ஒருநாள் அவள் பேசுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரையோ கைத்தாங்கலா கூட்டிட்டுப் போற மாதிரியே பேசறியே!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த எரிச்சலைத்தான் சிட்டு வீட்டில் வந்து கொட்டினாள்.

அன்றிலிருந்து அக்கா அவளோடு நேராகப் பேசுவதில்லை. எல்லாம் அத்தான் வழியாகத்தான்.

இன்று காலையும் அப்படியே.

"மழை வரும் போல இருக்கு. அவங்களைக் குடை எடுத்துக்கச் சொல்லுங்க," என்றாள் அக்கா, டீயை வடிகட்டிக்கொண்டே.

'அவங்க' என்றது, மூன்றடி தூரத்தில் காலுறை தேடிக்கொண்டிருந்த சிட்டுவை. கோபம் வந்தால் அக்காவுக்கு மரியாதை பொங்கிவிடும்.

"குடை எடுத்துக்கணுமாம்," என்றார் அத்தான்.

"எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க அத்தான்."

"எடுத்துக்கிட்டாளாம்." அத்தான் டீயை ஒரு மடக்கு குடித்தார். "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போகட்டுமா, இல்லே இங்கேயே தபால்காரனா இருந்துடட்டுமா? சம்பளம் எதுல அதிகம்னு பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிட்டுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, ஆனால் முதலில் சிரித்தால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே.

அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கதவருகே ஒரு நொடி நின்றாள். இன்றைக்குத் தங்கைக்கு என்ன நாள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு கம்பெனியில் முதல் சுற்றைத் தாண்டி, 'ஒரு நாள் முழுக்க எங்களோடு உட்கார்ந்து வேலை பாருங்கள், பிறகு முடிவு சொல்கிறோம்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை மாதத்தில் இவ்வளவு தூரம் வந்தது இது ஒன்றுதான்.

"நல்லபடியா போயிட்டு வரச் சொல்லுங்க," என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தான் சிட்டுவைப் பார்த்தார். "இதையும் நான் திருப்பிச் சொல்லணுமா?"

"வேணாம் அத்தான். காதுல விழுந்துச்சு," என்றாள் சிட்டு.

*

சின்னச் சின்னக் கடைகளுக்கு பில் போடுகிற, சீட்டு அச்சடிக்கிற மென்பொருள் செய்கிற கம்பெனி அது. செருப்புத் தைக்கிற கடை, கண்ணாடிக் கடை, சலவைக் கடை எல்லாம் அவர்கள் வாடிக்கை. மூன்றாம் மாடியில் நீளமான ஒரே அறை. ஜன்னல் ஓரம் காய்ந்துபோன இரண்டு பூந்தொட்டி. காபி மெஷின் பக்கத்தில் 'அடித்தால்தான் வரும்' என்று யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்.

டீம் லீடர் ஒரு அம்மாள். குட்டையாக வெட்டிய நரைமுடி, பேசும்போது கண்ணைச் சிமிட்டாத பழக்கம். சிட்டுவைக் கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

காலையில் எல்லோரும் வட்டமாக நின்று அவரவர் வேலையைச் சொன்னார்கள். சிட்டு தன் முறை வந்ததும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒரு மூச்சில் ஒப்பித்தாள். வகுப்பு ஆசிரியை திருத்திக் கொடுத்தது. சுத்தமான ஆபீஸ் மொழி, ஒரு தப்பில்லை.

"அருமை," என்றாள் டீம் லீடர். "நீங்க போன வருஷம் செஞ்ச புராஜெக்ட்ல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

இது பாடத்தில் இல்லை. சிட்டுவின் மண்டைக்குள் விளக்கு அணைந்தது. "ஆமாம்," என்றாள். பிறகு, "நன்றி," என்றாள். ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே இருக்கைக்குத் திரும்பினாள்.

வேலையில் அவள் கை சுத்தம். கண்ணாடிக்காரன் கொடுத்த சின்னத் திருத்தங்களைச் சட்டென்று முடித்தாள். பேச வேண்டி வந்தால்தான் திணறல். நடுவில் ஒருமுறை திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. தன்னை மறந்து அதனிடம், "எழுந்திரிங்க, மெதுவா. காலை ஊனுங்க, நான் பிடிச்சுக்கறேன்," என்றாள் ஊர் மொழியில்.

கண்ணாடிக்காரன் காபியைத் துப்பாத குறை. சிட்டுவுக்குக் காது வரை சுட்டது. ஆஸ்பத்திரி வாடை!

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. எண்ணைப் பார்த்ததுமே கண்ணாடிக்காரன் பெருமூச்சு விட்டான்.

"சலவைக் கடை அம்மா. வாரா வாரம் கூப்பிட்டுத் திட்டுவாங்க. துணி கொடுத்த தேதி, சீட்டுல முந்தின நாளா அச்சாகுதாம். திரும்ப வாங்கற தேதியும் அதை வெச்சே கணக்காகறதால வாடிக்கைக்காரங்க ஒரு நாள் முன்னாடியே வந்து நிக்கறாங்களாம். நாங்க எத்தனையோ தடவை சோதிச்சுப் பாத்துட்டோம், இங்கே சரியாத்தான் வருது. மூடித் திறங்கன்னு சொல்வோம். திறந்தா சரியாயிடும். அடுத்த வாரம் மறுபடி கூப்பிடுவாங்க."

பின்னால் டீம் லீடர் நின்றுகொண்டிருந்தாள். "இதை நீங்க பேசிப் பாருங்களேன்," என்றாள் சிட்டுவிடம்.

வகையாக மாட்டிக்கொண்டாள். முகம் தெரியாத ஆள், கோபத்தில் இருக்கிற ஆள், அதுவும் போனில்! கண்ணாடிக்காரன் ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டான்.

சிட்டு ஆபீஸ் மொழியை எடுத்தாள். "வணக்கம். தங்கள் புகார் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. தாங்கள் பயன்படுத்தும் பதிப்பின் எண்ணைத் தெரிவிக்க இயலுமா?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் பிடித்துக்கொண்டாள். பதிப்பாவது எண்ணாவது! கடையில் இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள், ஒருத்தர் கல்யாணத்துக்குப் போட வேண்டிய கோட்டு இன்னும் ஈரமாக இருக்கிறது, நீங்கள் எண் கேட்கிறீர்களா? பாதி சிட்டுவுக்குப் புரிந்தது. புரியாத பாதி திட்டு என்பதும் புரிந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கடைசியில் லேசாக உடைந்ததைக் கேட்டாள். அதைக் கேட்டதும் அவளையும் அறியாமல் அக்காவின் மொழி வாயில் வந்துவிட்டது.

"மெதுவா, மெதுவா. நான் எங்கேயும் போகல, இங்கேதான் இருக்கேன். நமக்கு ஒண்ணும் அவசரமில்லே, தங்கம்."

அந்தப் பக்கம் திட்டு நின்றுவிட்டது. இந்தப் பக்கம் கண்ணாடிக்காரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"எங்கே வலிக்குது, சொல்லுங்க," என்றாள் சிட்டு. இனி நிறுத்த முடியாது. அக்கா இந்தக் கேள்விகளை வரிசையாகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள், அதே வரிசையில்தான் அவளுக்கும் வரும். "எப்போதிலிருந்து? நாள் பூராவா, காலையில மட்டுமா?"

"காலையிலதான்," என்றாள் அந்த அம்மாள், குரல் தணிந்து. "முதல்ல வர்ற நாலஞ்சு சீட்டு. அப்புறம் மூடித் திறந்தா சரியாயிடுது."

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

இது வரிசையில் அடுத்த கேள்வி. கேட்ட பிறகுதான் சிட்டுவுக்கு உறைத்தது. கண்ணாடிக்காரன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

ஆனால் அந்த அம்மாளை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "எங்கேம்மா தூங்கறது?" என்று ஆரம்பித்துவிட்டாள். "கடையைச் சாத்தவே நேரமாயிடுது. அலுப்புல கம்ப்யூட்டரை அணைக்கக்கூட மாட்டேன். அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடுவேன். காலையில வந்து விட்ட இடத்துலயே ஆரம்பிச்சுடுவேன். விடுமுறைக்கு முந்தின ராத்திரி மட்டும்தான் அணைக்கிறது."

சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"விடுமுறை முடிஞ்சு வர்ற காலையில வலி இருக்கா?"

கொஞ்ச நேரம் யோசனை. "இல்லே," என்றாள் அந்த அம்மாள் ஆச்சரியத்தோடு. "அன்னைக்கு மட்டும் சரியாத்தான் வரும்!"

"நான் பாத்துக்கறேன். நீங்க முதல்ல ஒரு வாய் தண்ணி குடிங்க," என்று போனை வைத்தாள் சிட்டு.

பிறகு அவள் விரல்கள் பேசின. அந்தப் புரோகிராம் தேதியை எப்போது எடுக்கிறது என்று தேடினாள். பக்கத்தைத் திறக்கிறபோது ஒரே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்கிறது. ராத்திரி முழுக்கத் திறந்தே கிடந்தால் காலையிலும் நேற்றைய தேதிதான். இங்கே சோதித்தவர்கள் எல்லோரும் காலையில் புதிதாகத் திறந்து சோதித்தவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? சீட்டு அச்சாகிற நேரத்தில் தேதியை எடுக்கும்படி மாற்றினாள். கண்ணாடிக்காரன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தான். கம்ப்யூட்டரின் தேதியை நகர்த்தி வைத்து, பக்கத்தை மூடாமலே அச்சடித்துப் பார்த்தார்கள். சரியாக வந்தது.

"ஒரு வருஷத் தலைவலி," என்றான் அவன். "ராத்திரி தூங்கினீங்களான்னு கேட்டுக் கண்டுபிடிச்ச ஒரே ஆள் நீதான்."

சாயங்காலம் டீம் லீடர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்த மொழி எங்கே கத்துக்கிட்டீங்க?"

வகுப்பின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சிட்டு சொல்லவில்லை. "எங்க அக்கா. முதியோர் இல்லத்துல நர்ஸ்," என்றாள்.

"நெனச்சேன்." முதல் தடவையாக அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டினாள். "உங்க மொழி தேற இன்னும் நாளாகும். வகுப்புக்குக் கம்பெனியே அனுப்பும். ஆனா வாடிக்கையாளரைத் தங்கம்னு கூப்பிடறதை நிறுத்திக்கணும். சலவைக் கடை அம்மாவை மட்டும் கூப்பிட்டுக்கலாம், அவங்க இனிமே உங்ககிட்டதான் பேசுவாங்களாம். இப்பவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க."

சிட்டுவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று தெரியவில்லை. "அப்படின்னா... வேலை?"

"உங்களுக்குத்தான்," என்றாள் டீம் லீடர். "ஒரு விஷயம் இருக்கு. இடம் இங்கே இல்லே. எங்க புதுக் கிளையில."

ஊர்ப் பெயரைச் சொன்னாள். ரயிலில் மூன்று மணி நேரம்.

*

முதியோர் இல்லத்தின் பின்வாசலில் சிட்டு காத்திருந்தாள். மழை வந்து ஓய்ந்திருந்தது. வேலை முடிந்து வெளியே வந்த அக்கா, அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்ன, இங்கே வந்திருக்கீங்க?"

"கிடைச்சுடுச்சுக்கா."

அக்காவின் முகத்தில் மரியாதை மறைந்தது. கைப்பை தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்காமல் தங்கையைக் கட்டிக்கொண்டாள். இருவரும் பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். சிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ராத்திரி தூங்கினீங்களா என்று கேட்டதைச் சொன்னபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வாரம் ஆயிற்று.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா மெல்லச் சொன்னாள்.

"நீ சொன்னதுல எனக்குக் கோபம் இல்லேடி. வெக்கமாயிடுச்சு. வாடை போகணும்னுதான் தினமும் வீட்டுக்கு வந்ததும் குளிக்கிறேன். பேச்சுலயும் அடிக்குதுன்னு நீ சொல்லித்தானே தெரிஞ்சுது. ஒரு வாரமா கடையில வாயைத் திறக்கவே கூச்சமா இருந்துச்சு. ரொட்டியைக்கூடக் கையைக் காட்டித்தான் வாங்கினேன்."

இத்தனை வருஷம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து பேசிய அக்காவை ஒரே வார்த்தையில் சிட்டு ஊமையாக்கிவிட்டாளே!

மன்னித்துவிடு என்று சொல்லலாம். ஆனால் கூடப்பிறந்தவளிடம் அதை நம் மொழியில் எப்படிச் சொல்வது? சொன்னால் நாடகம் போல இருக்கும். அடிக்கலாம், கிள்ளலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம், மன்னிப்பு மட்டும் கேட்டுப் பழக்கமில்லை. ஆகவே ஊர் மொழியில் கேட்டாள். அக்கா சொல்லிக் கொடுத்த பழைய, நீளமான, மரியாதையான முறையில், ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியில குரலை இறக்கணும்டி. ஏத்தினா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும்."

இறக்கிச் சொல்லிக் காட்டினாள் சிட்டு.

"இப்போ சரி," என்ற அக்கா, இல்லத்து ஜன்னல்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் இவங்க போட்ட பிச்சை. உள்ளே ஒருத்தர் இருக்கார், நான் போகலேன்னா மாத்திரையே போட மாட்டார். இவங்களை விட்டுட்டு நான் எங்கே போகப்போறேன்? நாளைக்கே போய் உன் கதையைச் சொல்லணும்."

பேருந்து வந்தது. கிளையின் பேச்சை எடுக்க சிட்டுவுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போய்த்தான் சொன்னாள். அக்கா அடுப்பருகில் நின்றிருந்தாள். அத்தான் மேசையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேலை இந்த ஊர்ல இல்லே." ஊர்ப் பெயரைச் சொன்னாள். "மூணு மணி நேரம் ரயில்ல. அடுத்த மாசமே போகணும்."

கரண்டி நின்றது. அக்கா திரும்பவில்லை.

"போகாம என்ன பண்ணுவே?" என்றாள். குரல் நடுங்கினாலும் அதில் சந்தோஷமும் இருந்தது. "போய் நல்லா இரு. லீவு நாள்ல வந்துடணும். அழுக்குத் துணியை மூட்டை கட்டிக்கிட்டு வா, இங்கேயே துவைச்சுக்கலாம்."

சிட்டுவுக்கு மூச்சு வந்தது. அக்காவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு முதுகில் முகத்தைப் புதைத்தாள்.

"எந்த ஊர்னு சொன்னே?" என்றார் அத்தான்.

சிட்டு மறுபடியும் சொன்னாள். அத்தான் கத்தியைக் கீழே வைத்தார். எதற்கும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருக்கிற மனிதர், ஒன்றும் சொல்லாமல் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா திரும்பினாள். "என்னங்க?"

"ஒண்ணுமில்லே."

அக்கா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "ஒண்ணுமில்லேன்னு சொல்றவங்களைத்தான் நான் நாள் பூரா பாத்துக்கிட்டிருக்கேன். என்ன?"

அத்தான் சிட்டுவை ஏறிட்டுப் பார்த்தார். சிட்டுவால் என்ன செய்ய முடியும்?

"அங்கே பெரிய பெரிய கட்டடமா எழுப்பறாங்க," என்றார் தயங்கித் தயங்கி. "எங்க கம்பெனியில என்னை அங்கே சூப்பர்வைசரா வரச் சொல்றாங்க. போன மாசமே கேட்டாங்க."

"போன மாசமா! நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு. இவளுக்கு ஒரு வேலை கிடைச்ச அப்புறம் உன்கிட்ட பேசலாம்னு இருந்தேன்."

அக்கா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கிடைச்சுடுச்சு," என்றாள். "பேசுங்க."